நாளைய தொழிலும் இளைஞர் பொறுப்பும்

நம் கிராமங்களில் இன்று இயந்திரங்களுக்குக் குறைவில்லை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இல்லாத ஊரைக் காண்பது அரிது. கரும்புக்கும் வாழைக்கும் தென்னைக்கும் சொட்டுநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. சூரிய ஒளியால் இயங்கும் பம்புசெட்டுகளும், பவர் டில்லர்களும், கதிர் அறுவடை இயந்திரங்களும், மருந்து தெளிக்கும் ட்ரோன்களும் வந்துவிட்டன. ஊராட்சியின் வரவு செலவு கணினியில் ஏறுகிறது. ஆனால் இவற்றுள் ஒன்று பழுதுபட்டால், பக்கத்து நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கிறோம். மோட்டார் எரிந்துபோனால் பயிர் வாடுகிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால், சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி வரப்பில் போட்டுவிட்டுப் பழையபடி வாய்க்கால் பாய்ச்சலுக்குத் திரும்புகிறோம். அதே வேளையில், அதே ஊரில், பள்ளிப் படிப்பும் பட்டப் படிப்பும் முடித்த பிள்ளைகள் வேலை தேடிப் பேருந்து ஏறுகின்றனர்.

ஊரில் வேலை இருக்கிறது. அதைச் செய்யக்கூடிய இளைஞரும் இருக்கின்றனர். இவ்விரண்டையும் சேர்த்துவைக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. அந்த ஏற்பாட்டை ஊராட்சி எவ்வாறு செய்யலாம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருளாகும்.

இளைஞர் தலைமைப் பயிற்சி என்றும், எதிர்காலத் திறன் பயிற்சி என்றும் இரண்டு சொற்களை இப்போது அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் இவை வெவ்வேறு காரியங்களாகவே நடைபெறுகின்றன. தலைமைப் பயிற்சி என்றால் இரண்டு நாள் முகாம், சில சொற்பொழிவுகள், இறுதியில் ஒரு சான்றிதழ். திறன் பயிற்சி என்றால் சில வாரங்கள் தையலோ கணினியோ கற்றல், அதன் இறுதியிலும் ஒரு சான்றிதழ். தொழில் அறியாத தலைமை மேடைப் பேச்சோடு நின்றுவிடுகிறது. ஊரில் எந்தப் பொறுப்பும் பெறாத திறன், கற்றவரோடு ஊரை விட்டுப் போய்விடுகிறது. இவ்விரண்டும் ஒரே பயிற்சியின் இரு பகுதிகளாக இருக்க வேண்டும். இதனை விளங்கிக்கொள்ள, இதே போன்ற நிலைமையைச் சந்தித்து மீண்ட ஒரு நாட்டின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

டென்மார்க்கு நாட்டின் அனுபவம்

டென்மார்க்கு ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள சிறிய நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு விவசாயிகள் தானியம் விளைவித்து அயல்நாடுகளுக்கு விற்று வாழ்ந்தனர். 1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் அந்நாடு தோற்றுப் பெரும் நிலப்பகுதியை இழந்தது. பின்னர் 1870-களில், இரயில் பாதைகளும் நீராவிக் கப்பல்களும் பெருகியதால், அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளில் வந்து குவிந்தது. தானிய விலை வீழ்ந்தது. தந்தையும் பாட்டனும் செய்த தொழில் பிள்ளைக்குச் சோறு போடாது என்ற நிலை ஏற்பட்டது.

டென்மார்க்கு விவசாயிகள் தானியத்தை விற்பதைக் குறைத்து, பாலுக்கும் வெண்ணெய்க்கும் பன்றி வளர்ப்புக்கும் மாறினர். ஒரு தலைமுறைக் காலத்தில் நடந்தேறிய மாற்றம் இது. புதிய தொழிலைக் கற்கவும், கூடி நடத்தவும் ஆயத்தமான இளைஞர் கூட்டம் ஒன்று அந்நாட்டுக் கிராமங்களில் அப்போது இருந்தது. அக்கூட்டம் உருவானதில் மக்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கிருண்ட்விக் என்ற பாதிரியார், கவிஞராகவும் வரலாற்று அறிஞராகவும் விளங்கியவர். 1783-இல் பிறந்து 1872-இல் மறைந்தார். ஊர்ச் சபையில் எழுந்து பேசவும், படித்தவர் முன் கூசாமல் நிற்கவும் உழவர் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கருத்தின்படி முதல் பள்ளி 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. 1851-இல் கிறிஸ்டன் கோல்டு என்பவர், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன், ரூஸ்லிங்கே என்னும் ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். மாணவர்களோடு ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒன்றாக உண்டு, அவர் கற்பித்தார்.

இப்பள்ளிகளில் சேர்ந்தவர்கள் சிறுவர்கள் அல்லர். பெரும்பாலும் 18 வயதைக் கடந்த உழவர் பிள்ளைகள். வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் ஆண்களுக்கும், கோடையில் பெண்களுக்கும் சில மாதங்கள் வகுப்பு நடந்தது. தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. தாய்மொழி, நாட்டு வரலாறு, கணக்கு, பாட்டு, கலந்து பேசுதல் ஆகியவையே பாடங்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் தத்தம் பண்ணைக்குத் திரும்பினர்.

1882-இல் யெடிங் என்ற சிற்றூரில் விவசாயிகள் கூடி, அந்நாட்டின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணையைத் தொடங்கினர். அங்கே ஏற்பட்ட விதிகள் எளியவை. உறுப்பினர் தம் பாலைச் சங்கத்திற்கே கொடுக்க வேண்டும். இலாபம் கொடுத்த பாலின் அளவுக்கேற்பப் பிரிக்கப்படும். ஆனால் வாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று. ஒரு பசு வைத்திருப்பவருக்கும், பல பசுக்கள் வைத்திருப்பவருக்கும் சங்கத்தில் ஒரே குரல். 1900-ஆம் ஆண்டு அளவில் இத்தகைய பண்ணைகள் ஏறக்குறைய ஆயிரம் ஆகிவிட்டன.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். வெண்ணெய் எடுக்கும் நுட்பத்தை மக்கள் உயர்நிலைப் பள்ளிகள் கற்பிக்கவில்லை. அதனை விவசாயப் பள்ளிகளும் பால் தொழில் வல்லுநர்களும் கற்பித்தனர். 1878 அளவில் பாலேடு பிரிக்கும் சுழல் இயந்திரம் வந்ததால்தான், பல வீட்டுப் பாலை ஒன்றாகச் சேர்த்துப் பிரிப்பது எளிதாயிற்று. இயந்திரம் ஒருபுறம், தொழிலறிவு மற்றொருபுறம். அவற்றை ஊர் நம்பி ஏற்கும்படி கூட்டம் நடத்தவும், கணக்கு வைக்கவும், தகராறு வந்தபோது பேசித் தீர்க்கவும் தெரிந்த இளைஞர்கள் இவற்றோடு சேர்ந்தனர். மூன்றும் கூடியபோதுதான் காரியம் கைகூடியது.

காற்றாலையில் கற்ற கிராம மின் தொழிலாளர்

அதே நாட்டின் மற்றொரு செய்தியும் நம் கவனத்திற்கு உரியது. 1864 போருக்குப் பின் ரோடிங் ஊர் அயலார் வசமாயிற்று. அப்பள்ளி ஆசிரியர்கள் எல்லையைக் கடந்து வந்து, 1865-இல் ஆஸ்கோவ் என்ற ஊரில் பள்ளியை அமைத்தனர். அங்கே 1878-இல் ஆசிரியராகச் சேர்ந்தவர் பவுல் லா கூர் என்ற அறிவியலாளர். அவர் 1891-இல் பள்ளியை ஒட்டிக் காற்றாலை ஒன்றைக் கட்டி, காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நகரங்களுக்கு மின்சாரம் வரும். கிராமங்கள் இருளிலேயே கிடக்கும் என்ற நிலையை மாற்றுவது அவர் நோக்கம்.

சிற்றூர்களில் சிறு மின் நிலையங்கள் அமைந்தால், அவற்றை இயக்கவும் பழுது பார்க்கவும் அங்கேயே ஆள் வேண்டும் அல்லவா? ஆகவே 1904-இல் கிராம மின் தொழிலாளர்களுக்கான வகுப்பை ஆஸ்கோவில் தொடங்கினார். பண்ணைப் பிள்ளைகள் அங்கே கம்பி இழுக்கவும், மின்கலம் பராமரிக்கவும், காற்றாலை இயக்கவும் கற்றனர். அவ்வகுப்பின் முதல் ஆண்டிலே பயின்ற யோகானஸ் யூல் என்ற மாணவர், 1957-இல் கெட்சர் என்னும் இடத்தில் 200 கிலோவாட் திறன் கொண்ட காற்றாலையை வடிவமைத்து நிறுவினார். இன்றைய பெரிய காற்றாலைகளுக்கு அது முன்னோடி என்று போற்றப்படுகிறது.

இச்செய்தி நமக்கு முற்றும் அந்நியமானதன்று. 1998-இல் சென்னையில் அமைந்த காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் டென்மார்க்கு அரசின் உதவியோடு உருவானது. அதன் காற்றாலைச் சோதனை நிலையம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றில் அமைந்தது. ஓர் அயல்நாட்டுக் கிராமப் பள்ளியில் தொடங்கிய முயற்சியின் கிளை நம் கரிசல் காட்டுக்கும் வந்து சேர்ந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

இவ்வரலாற்றில் நாம் கொள்ளத்தக்க பாடம், வேலையை முன்வைத்துப் பயிற்சியை அமைப்பதாகும். ஊருக்கு வரப்போகும் வேலை எது என்று முதலில் பார்த்தனர். அதற்கு ஏற்ற பயிற்சியைப் பின்னர் அமைத்தனர். பயின்றவர்க்கு ஊரில் ஓர் இடமும் காத்திருந்தது.

நம் நாட்டு முயற்சிகள்

நம் நாட்டிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோதே, ஊர்தோறும் இளைஞர் மன்றமும் மாதர் சங்கமும் அமைப்பது அதன் பணிகளுள் ஒன்றாக இருந்தது. 1972-இல் நேரு இளைஞர் மையங்கள் தோன்றின. 1979 ஆகஸ்ட் 15-இல் கிராம இளைஞர்க்குச் சுயதொழில் பயிற்சி அளிக்கும் 'டிரைசெம்' திட்டம் தொடங்கப்பட்டு, 1999-இல் வேறொரு பெரிய திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அத்திட்டத்தில் பயின்றவர்களுள் கணிசமான பகுதியினர் தாம் கற்ற தொழிலை மேற்கொள்ளவில்லை என்பது பின்னர் கண்டறியப்பட்ட குறை. கற்பித்த தொழிலுக்கு அவ்வூரில் தேவை உண்டா, கருவி வாங்கக் கடன் கிடைக்குமா, விற்க வழி உண்டா என்பவை முன்கூட்டியே பார்க்கப்படாததே இதற்கு முக்கியக் காரணம்.

இக்குறையை நீக்கும் ஒரு முறை கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்கு அருகிலுள்ள உஜிரே என்ற ஊரில் 1982-இல் உருவாயிற்று. அங்கே ஓர் அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவின. பயிற்சியும் உணவும் தங்குமிடமும் இலவசம். பயிற்சிக் காலம் குறுகியது. ஆனால் அது முடிந்த பின்பும் பயின்றவரைத் தொடர்ந்து சென்று பார்த்து, வங்கிக் கடன் பெறவும் தொழிலை நிலைநிறுத்தவும் உதவுவது அதன் சிறப்பு. இம்முறையைப் பின்பற்றியே மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் அமைந்தன. 2014-இல் ஊரக இளைஞர்க்குச் சம்பள வேலை பெற்றுத்தரும் நோக்குடன் தீனதயாள் உபாத்யாயா திறன் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 2022 மார்ச் 1-இல் நம் மாநிலத்தில் 'நான் முதல்வன்' திட்டம் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது.

வேளாண்மைத் தொழில்களுக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. இந்தியாவிலேயே முதலாவது நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆகவே பயிற்சி நிலையங்கள் இல்லை என்று கூறுவதற்கில்லை. அந்நிலையங்கள் ஊருக்கு என்ன வேலை தேவை என்பதை அறியமாட்டா. அது ஊராட்சிக்குத்தான் தெரியும். ஊராட்சி செய்ய வேண்டிய பணி நான்கு படிகளைக் கொண்டது.

முதற்படி: வேலையைக் கணக்கெடுத்தல்

இளைஞரின் பெயரைப் பதிவு செய்வதற்கு முன், வேலையைப் பதிவு செய்ய வேண்டும். சென்ற ஓராண்டில் வெளியூர் ஆளை அழைத்துக் கூலி கொடுத்த வேலைகள் யாவை? ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை அழைத்தோம்? எவ்வளவு கொடுத்தோம்? எத்தனை நாள் காத்திருந்தோம்? இக்கேள்விகளை வார்டுதோறும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதினால், ஊரின் தேவை கண்முன் தெரியும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஊராட்சியில் 45 பம்புசெட்டுகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 2 முறை பழுதாகிறது. ஒரு முறைக்குக் கூலி 400 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 90 பழுது; கூலி 36,000 ரூபாய். மாதத்திற்கு 3,000 ரூபாய்தான் வரும். இதை நம்பி ஓர் இளைஞர் குடும்பம் நடத்த முடியாது. எனவே பம்புசெட்டு பழுது பார்க்க மட்டும் ஒருவரைப் பயிற்றுவித்தால், அவர் ஆறாம் மாதம் ஊரை விட்டுப் போவார். அது அவர் குற்றமன்று. அடுத்தடுத்த 4 ஊராட்சிகள் சேர்ந்தால், பழுது 360 ஆகும். மாத வருமானம் 12,000 ரூபாய் ஆகும். அதோடு சொட்டுநீர்ப் பராமரிப்பையும் சூரிய பம்புசெட்டு பராமரிப்பையும் அவரே கற்றுக்கொண்டால், அது நிலையான தொழிலாகிவிடும். பயிற்சிக்கு ஆள் அனுப்புவதற்கு முன் இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

இன்று பெரும்பாலான ஊர்களில் இக்கணக்கில் இடம்பெறக்கூடிய தொழில்கள் பின்வருமாறு:

1. குடிநீர்: குளோரின் கலக்கும் அளவு, குழாயின் கடைசி முனையில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தல், தொட்டி கழுவுதல், குழாய் உடைப்பு சரிசெய்தல். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தில், ஊருக்கு 5 பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி அளிக்க வகை செய்யப்பட்டது. இப்பணி இளம்பெண்களுக்கு மிகவும் பொருந்தும்.

2. சொட்டுநீர்ப் பாசனம்: மணல் வடிகட்டியை எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவுதல், பக்கக் குழாய்களின் முனையைத் திறந்து வண்டலை வெளியேற்றுதல், உப்புப் படிந்தால் அமிலமும் பாசி படிந்தால் குளோரினும் அளவோடு செலுத்துதல். அரசு மானியத்தில் அமைத்த குழாய்கள் வீணாவது பெரும்பாலும் இவற்றைச் செய்ய ஆளில்லாமையால்தான்.

3. மின்சாரமும் சூரிய ஒளியும்: மோட்டார், ஸ்டார்ட்டர், சூரியத் தகடு, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றைப் பராமரித்தல். மின் வேலைக்கு முறையான உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். பார்த்துப் பழகியவரை உயர்த்திக் கம்பம் ஏறச் சொல்வது உயிருக்கே ஆபத்து.

4. பண்ணை இயந்திரம்: பவர் டில்லர், நடவு இயந்திரம், ட்ரோன். மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்க, 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேறி, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயின்று சான்று பெற வேண்டும்.

5. கணக்கும் கணினியும்: உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கு, பால் சங்கக் கணக்கு, மின்னணுச் சந்தையில் விலை பார்த்தல், மண் பரிசோதனை அறிக்கையைப் படித்து உர அளவைச் சொல்லுதல். கைபேசியிலும் செயற்கை நுண்ணறிவிலும் இப்போது ஆலோசனைகள் ஏராளமாக வருகின்றன. வந்த ஆலோசனை நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று மண் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பது இனி அவசியமாகும்.

இரண்டாம் படி: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

வேலைக் கணக்கு முடிந்தபின், 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களின் பட்டியலைத் தயாரிக்கலாம். படிப்பு மட்டும் அன்றி, கைத்திறனும் அதில் எழுதப்பட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவர், இருசக்கர வாகனத்தைப் பிரித்துப் பூட்டக்கூடியவராக இருக்கலாம். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பட்டதாரிப் பெண், கணக்கு எழுதுவதில் வல்லவராக இருக்கலாம். திருப்பூரிலோ சென்னையிலோ சில ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியவர், இயந்திரம் அறிந்தவராக இருக்கலாம். இவர்களை ஊர் இதுவரை கேட்டதில்லை.

தேர்வு கிராம சபையில், யாவரும் அறிய நடைபெற வேண்டும். இங்கேதான் பெரும்பாலான நல்ல முயற்சிகள் கெட்டுப்போகின்றன. தலைவரின் மகன், எழுத்தரின் தம்பி, செல்வாக்குள்ள தெருவின் பிள்ளை என்று தேர்வு நடந்தால், பயிற்சி முடிந்து திரும்பும்போது ஊரின் பாதிப்பேர் அவரை அழைக்கமாட்டார்கள். அவரும் பாதித் தெருவுக்குப் போகமாட்டார். காலனியில் உள்ள குழாயும் ஊர்க் குழாயும் ஒரே கையால் பழுது பார்க்கப்பட வேண்டும். ஆகவே, எந்தத் தெருவுக்கும் செல்வேன் என்று சபையில் ஒப்புக்கொள்பவரையே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருப்பது நலம். 2016-இல் செய்த சட்டத் திருத்தத்தால் நம் மாநில உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கப்பட்டது. உறுப்பினராகப் போகும் பெண்கள் முன்னரே ஊர்ப்பணியில் பழகியிருப்பது மிக்க பயன் தரும்.

மூன்றாம் படி: பயிற்சிக்கு அனுப்புதல்

பயிற்சி நிலையத்திற்குக் கடிதம் எழுதும்போது, "எங்கள் ஊரிலிருந்து 5 பேர்" என்று மட்டும் எழுதாமல், "எங்கள் 4 ஊராட்சிகளில் இத்தனை பம்புசெட்டுகளும் இத்தனை ஏக்கர் சொட்டுநீரும் உள்ளன, இவற்றைப் பராமரிக்க 2 பேர் வேண்டும்" என்று எழுத வேண்டும். தொகுப்பாகவும் கணக்கோடும் வரும் கோரிக்கைக்கு மதிப்பு அதிகம். அனுப்பும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை பெறுவது நல்லது. கையால் செய்து பழகும் நேரம் எவ்வளவு? கிடைக்கும் சான்று எங்கெல்லாம் செல்லும்? கருவி வாங்கக் கடனுக்கு வழி உண்டா? பயிற்சிக்குப் பின் யார் வந்து பார்ப்பார்?

நான்காம் படி: பொறுப்பை ஒப்படைத்தல்

முதல் மூன்று படிகளையும் செய்த ஊர்கள்கூட, இதனை மறந்துவிடுகின்றன. பயின்று திரும்பிய இளைஞரிடம் ஓராண்டுக்கு ஒரு வேலையை எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். அந்த வேலைக்கு உரிய கூலி விகிதத்தை விவசாயிகளும் இளைஞரும் கூடிப் பேசி முடிவு செய்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். ஊராட்சி நிதியிலிருந்து கொடுக்க வேண்டிய கூலிக்கு, விதிப்படி தீர்மானமும் மதிப்பீடும் வேண்டும். நம் ஊர்ப்பிள்ளைதானே என்று கூலியில்லாமல் வேலை வாங்குவது தகாது. சிரமதானம் ஒருநாள் செய்யலாம். ஆண்டு முழுவதும் செய்ய இயலாது.

பொறுப்போடு கணக்கும் சேர வேண்டும். நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட வேண்டும் என்று 2022-இல் ஏற்பாடு செய்யப்பட்டது. அக்கூட்டத்தில் அந்த இளைஞரே எழுந்து, இத்தனை பழுது வந்தது, இத்தனை சரிசெய்தேன், இது முடியவில்லை, காரணம் இது என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் கேள்வி கேட்க வேண்டும்; அவர் பதில் கூற வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் அவர் பெறும் தலைமைப் பயிற்சி, பல நாள் முகாமில் கிடைக்காதது. தண்ணீர் வராத தெருவின் கோபத்தை நேரில் கேட்டு, நிதானம் இழக்காமல் விடை கூறப் பழகியவரே நாளைக்கு நல்ல உறுப்பினராவார். 18 வயதில் கிராம சபையில் வாக்கும், 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் நிற்கும் உரிமையும் சட்டம் அளித்திருக்கிறது. இடைப்பட்ட 3 ஆண்டுகளைப் பயிற்சிக் காலமாக ஆக்குவது நம் கையில் உள்ளது.

சில ஐயங்கள்

பயிற்சி கொடுத்தால் பிள்ளைகள் நகரத்திற்குப் போய்விடுவார்கள் என்று சிலர் அஞ்சுகின்றனர். சிலர் போகத்தான் செய்வர். தொழில் தெரியாமல் போய்க் கட்டடச் சுமை தூக்குவதைவிட, தொழில் தெரிந்து போவது அவருக்கும் குடும்பத்திற்கும் மேலானது. ஆகவே ஒரு வேலைக்கு ஒருவரை மட்டும் நம்பாமல், இருவரைப் பயிற்றுவித்து வைப்பது முன்யோசனையாகும். ஊரில் நிலையான வருமானமும் மதிப்பும் கிடைக்குமானால், தங்குபவர் தொகை பெருகும்.

இளைஞர் கையில் பொறுப்பு போனால் பெரியவர்களுக்கு மதிப்பு குறையும் என்ற எண்ணமும் உண்டு. நிலத்தின் தன்மையும், ஏரியின் போக்கும், எந்த மடை எப்போது அடைபடும் என்பதும் பெரியவர்களுக்கே தெரியும். புதிய கருவியை இளைஞர் அறிவார். ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்யும் வேலையே நிலைக்கும். வேளாண்மை, நீர்வளம், கல்வி முதலியவற்றுக்கான ஊராட்சிக் குழுக் கூட்டங்களுக்கு, பயிற்சி பெற்ற இளைஞரை அழைத்து அவர் கருத்தைக் கேட்பது இதற்கு நல்ல வழி.

இளைஞர்கள் கிராம சபைக்கே வருவதில்லை என்ற குறையும் பரவலாகக் கேட்கப்படுகிறது. அவர்கள் சொல்ல வேண்டியதும், அவர்களைக் கேட்க வேண்டியதும் அக்கூட்டத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அவர்கள் ஏன் வருவர்? சொல்லவேண்டிய கணக்கு ஒருவரிடம் இருந்தால், அவர் வருவார். அவருடைய நண்பர்களும் வருவர்.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டியவை

இக்கட்டுரையைப் படிக்கும் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கீழ்க்கண்ட கேள்விகளைத் தம் ஊர்க் கூட்டத்தில் எடுத்துக்கொண்டு விடை காண முயலலாம்.

1. சென்ற ஆண்டு வெளியூர் ஆளுக்காக நாம் காத்திருந்த வேலைகள் எவை? அவற்றுள் எந்த மூன்றினை ஊரிலேயே செய்யக் கற்கலாம்?

2. அவ்வேலைகளில் ஒருவர் மாதம் முழுவதும் வாழ வருமானம் உண்டா? இல்லையெனில் எந்தப் பக்கத்து ஊராட்சிகளோடு சேரலாம்?

3. எல்லாத் தெருக்களிலிருந்தும், ஆணும் பெண்ணுமாக, யார் யார் முன்வருகின்றனர்?

4. பயின்று திரும்பியவருக்கு நாம் ஒப்படைக்கும் வேலை எது? அதன் கூலி என்ன? அவர் எந்த நாளில் சபைக்குக் கணக்குச் சொல்வார்?

நான்காம் கேள்விக்கு விடை எழுதாமல் எந்தப் பிள்ளையையும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம். விடை எழுதிவைத்துவிட்டால், அனுப்பத் தாமதிக்கவும் வேண்டாம். அடுத்த கிராம சபைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும். முதற்படியாகிய வேலைக் கணக்கை எடுக்க ஒரு குறிப்பேடும், ஊரை ஒருமுறை சுற்றிவர இரண்டு இளைஞர்களும் போதும். அவர்களை இன்றே அழைத்துப் பேசுங்கள்.